ஆக்சிலேட்டர் கேபிளில் ப்ளே எவ்வளவு இருக்கலாம்?

கார்புரேட்டர் வைத்த ஸ்பிளெண்டர் மாதிரி 100 சிசி வண்டியில், ஆக்சிலேட்டரை முறுக்கத் தொடங்கியதும் முதல் 2 முதல் 6 மி.மீ. வரை சும்மா சுற்ற வேண்டும். அதுதான் ப்ளே. அதைக் கோளாறு என்று நினைத்து முழுவதும் இறுக்கிவிடுவது ஆபத்து: ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கேபிள் தானாக இழுபட்டு ரேஸ் ஏறும்.

ப்ளேயைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தொடுமுன், ஆக்சிலேட்டர் பிடி ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். முழுக்க முறுக்கி விட்டால் 'டக்'கென்று மூட வேண்டும். ஹேண்டில்பாரை இடப்பக்கம், நேராக, வலப்பக்கம் என மூன்று நிலையிலும் வைத்துச் சோதிக்கவும். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக வந்தால் கேபிள் எங்கோ மடங்கியோ, நசுங்கியோ இருக்கிறது. எல்லா நிலையிலும் மந்தம் என்றால் கிரிப் ரப்பர், ஹேண்டில்பார் முனையில் இருக்கும் பார்-எண்டில் உரசலாம். இல்லாவிட்டால் ஸ்விட்ச் ஹவுசிங்குக்குள் மண் சேர்ந்திருக்கும். ஹவுசிங்கைக் கழற்றித் துடைத்து, பிடிக்குள் இருக்கும் பைப் சுற்றும் இடத்தில் லேசாக கிரீஸ் தடவினால் போதும்.

கழற்றியபடியே கேபிளின் குண்டு முனையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் கம்பி இழை அறுவது அங்கேதான். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். பிரிந்த இழை உறையின் வாயில் சிக்கினால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இனி ப்ளே. பிடியின் உள்விளிம்பில் ஒரு பேனாக் கோடு, அதற்கு நேரே ஹவுசிங்கில் இன்னொன்று. கேபிள் இழுபடத் தொடங்குவது கையில் தெரியும் வரை முறுக்கி, இரண்டு கோட்டுக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளக்கவும். சரியில்லை என்றால் அட்ஜஸ்டரின் ரப்பர் உறையை ஒதுக்கி, லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்பவும். வெளியே வந்தால் ப்ளே குறையும், உள்ளே போனால் கூடும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்கவும். இறுக்கும்போதே அட்ஜஸ்டர் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், கடைசியில்தான். ப்ளே இல்லாத கேபிள், கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஐடில் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்பினாலும் ரேஸ் இறங்காது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஸ்க்ரூவைத் திருப்பி 1,400 ஆர்.பி.எம். அளவில் நிறுத்துங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போதே ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் துளிகூட ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் போகும் வழியைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கார்புரேட்டர் மூடியைக் கழற்றியிருந்தால், ஸ்லைடின் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் ஆனவுடன் ரேஸ் எகிறும்.

கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வைத்த பிஎஸ்6 எஃப்ஐ வண்டியில், ஐடிலிங்கை ஈசியு என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி பார்த்துக்கொள்ளும். அங்கே கேபிள் ப்ளேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.