படியெடுத்தலும் டி.என்.ஏ. பொதிவும்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணு படியெடுக்கப்படும்போது (அதன் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் உருவாகும்போது) குரோமாட்டின், அதாவது புரதங்களோடு பொதிந்துள்ள டி.என்.ஏ., அவிழ்கிறது என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதுதான் மாணவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. எந்த இடத்தில், எந்த அளவுக்கு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் விடையில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்களின் தொகுதியைச் சுமார் 147 கார இணை நீளமுள்ள டி.என்.ஏ. சுற்றியிருப்பதே குரோமாட்டினின் அடிப்படை அலகான நியூக்ளியோசோம். ஈஸ்ட் செல்லில் பாஸ்பேட் குறைந்தால், பி.எச்.ஓ.5 மரபணுவின் தொடக்கப் பகுதியிலுள்ள நியூக்ளியோசோம்கள் விலக்கப்படுகின்றன. அதற்காகக் குரோமோசோம் முழுவதும் தளர்ந்துவிடுவதில்லை.

அடுத்த தவறு, மரபணுவின் நீளம் முழுவதும் ஹிஸ்டோன்கள் உதிர்ந்து, வெறும் டி.என்.ஏ.வின்மீது, படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் ஓடுவதாக வரைவது. வெப்ப அதிர்ச்சிக்கு உள்ளாகும் பழ ஈயின் எச்.எஸ்.பி.70 மரபணுவில் அப்படிப்பட்ட பெரும் இழப்பு நிகழ்வது உண்மையே. ஆனால் அதை எல்லா மரபணுக்களுக்கும் பொதுவிதியாக்கக் கூடாது. வழக்கமாக, துணைப் புரதங்களின் உதவியோடு நியூக்ளியோசோம் சற்றே தளர்ந்து பாலிமரேஸுக்கு வழிவிடுகிறது. அது கடந்தபின் மீண்டும் கட்டப்படுகிறது. பாடநூல்கள் போதிய இடம் தராத பகுதி இதுதான். ஈஸ்டில் பாலிமரேஸோடு சேர்ந்தே செல்லும் செட்2 நொதி, எச்3 என்ற ஹிஸ்டோனின் 36ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்க்க, அந்த அடையாளத்தின் துணையோடு செயல்படும் இன்னொரு நொதித் தொகுதி, குரோமாட்டினைத் தளர்த்தும் அசிட்டைல் தொகுதிகளை ஹிஸ்டோன்களிலிருந்து நீக்குகிறது. இந்த ஏற்பாடு பழுதுபட்டால், மரபணுவின் நடுவிலிருந்தே தவறான படியெடுத்தல் தொடங்கிவிடுகிறது. ஆகவே, திறப்பதைப் போலவே மூடுவதும் படியெடுத்தலின் ஒரு பகுதியே.

மெத்தில் சேர்ந்தாலே மரபணு அடங்கிவிடும் என்பது டி.என்.ஏ.வில் மெத்தில் சேர்வதையும் ஹிஸ்டோனில் சேர்வதையும் குழப்புவதால் வரும் தவறு. எச்3 ஹிஸ்டோனின் 4ஆவது லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருப்பது பொதுவாகச் செயல்படும் மரபணுவின் தொடக்கத்தில். 27ஆவது லைசினில் இருந்தாலோ அது அடக்கப்பட்ட மரபணுவின் அடையாளம். அசிட்டைல் ஏறுவதையும் லைசினின் நேர்மின்னூட்டம் குறைந்து டி.என்.ஏ.வின் மீதான பிடி தளர்வதோடு முடித்துவிடக் கூடாது. அதை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரோமோடொமைன் புரதங்களும் உண்டு.

நியூக்ளியோசோம்கள் சுருண்டு அமைந்த 30 நானோமீட்டர் தடிமனுள்ள இழை தளர்ந்து மெல்லிழையாவதாக வரும் படத்தையும் விட்டுவிடலாம். 2017இல் மனித செல்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமனுள்ள ஒழுங்கற்ற சங்கிலிகளே தென்பட்டன.