உறைவிடப் பள்ளி வரலாறு: ஆசிரியர்களுக்கான இலவசப் பாட வழிகாட்டிகள்

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த கனடாவின் உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றை வகுப்பில் எடுக்கவிருக்கும் ஆசிரியர்கள், பாடத் தொகுப்பு எதையும் விலைகொடுத்து வாங்கும் முன், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதற்குடிகள் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) கல்வி வழிகாட்டுக் குழு (FNESC) 5, 10, 11–12ஆம் வகுப்புகளுக்கென இணையத்தில் இலவசமாக வழங்கும் ஆசிரியர் வழிகாட்டிகளைத் தரவிறக்கிப் பாருங்கள். பாடத் திட்டங்களோடு, மாணவர்களுக்கு அப்படியே நகலெடுத்துக் கொடுக்கக்கூடிய தாள்களும் அவற்றில் இருப்பதால் தயாரிப்பு நேரம் பெருமளவு மிச்சமாகும். அதைவிட முக்கியமானது, அவற்றை உருவாக்கியது முதற்குடி மக்களின் சொந்த அமைப்பு என்பது. இப்பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 செயல் அழைப்புகளில் 62ஆவது, இப்பாடங்களை அப்பள்ளிகளில் துன்புற்று மீண்டவர்களுடனும் பூர்வகுடி மக்களுடனும் கலந்தே உருவாக்கக் கோருகிறது. மிச்சமாகும் பணத்தை, உள்ளூர்ப் பூர்வகுடி மூத்தோர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து மதிப்பூதியம் வழங்கச் செலவிடுவதே சிறந்தது என்பேன். ஆசிரியரின் சொந்தக் கற்றலுக்கு, அல்பெர்டா பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் 'இண்டிஜினஸ் கனடா' என்ற 12 பாடப் படிப்பு ஏற்றது.

5ஆம் வகுப்புக்குக் கீழுள்ள வகுப்புகளுக்கு முதற்குடிகள் குழுவின் இவ்வழிகாட்டிகள் பொருந்தா. மானிட்டோபா, சஸ்காட்செவன் போன்ற மாகாணங்களில், 1871 முதல் 1921 வரை முதற்குடிகளுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையே கையெழுத்தான, எண்ணிட்ட ஒப்பந்தங்களைக் கற்பிக்கவும் இவை போதா. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி அத்தகைய ஒப்பந்தங்களுக்கு உட்படாத நிலம் என்பதால், அந்தந்த மாகாணத்து ஒப்பந்த ஆணையங்களின் பாடப்பொருளையே நாட வேண்டும்.