குடோன் கூரையைச் சரிசெய்யும்போது

திருப்பூரில் பனியன் துணி குடோன் வைத்திருக்கிறேன். கூரை வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் ஷீட்டைக் கழற்றுவது ஆபத்து. ஐப்பசியில் ஆள் கிடைக்காது.

முதலில் ஓட்டையைத் தேடவே நேரம் போகும். துணிக் கட்டு நனைந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இரும்புச் சட்டத்தோடு ஓடி வேறெங்கோ சொட்டும். எங்களுக்குச் சொட்டியது நடுவில். காரணம் எட்டு அடி தள்ளி, முகட்டுப் பக்கம் ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து, நகம் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. அந்த ஒன்றில் மட்டும் சிலிக்கான் பூசினால் போதாது, வரிசை முழுக்க வாஷர் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, சரக்கு? துளை போடும்போது இரும்புத் தூள் விழும். துணியில் பட்டு ஈரமானால் துருக்கறை. தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன்மேல் நேராகக் கால் வைக்க விடவே கூடாது. பலகை போட்டு, சேஃப்டி பெல்ட் மாட்டித்தான் ஏற வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம், முழுப் பணமும் கொடுக்குமுன் ஹோஸில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடச் சொல்லி, உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்.