கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ குலதெய்வப் படையலுக்கோ ஊருக்குச் செல்லும் கடவுள் மறுப்பாளருக்குச் சங்கடம் பெரும்பாலும் ஒரே நிமிடத்தில்தான் வருகிறது: கற்பூரத் தட்டு முன்னால் நிற்க, அத்தை திருநீற்றுடன் நெற்றியை நோக்கிக் கை நீட்ட, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்காமல், எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை முந்தைய நாளே அம்மாவிடமோ நெருக்கமான பெரியவரிடமோ தனியாகச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களிடம் அவர் பக்குவமாகப் பேசிக்கொள்வார்.

பூசை நேரத்துக்கென்று ஒரு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். வாழையிலையைக் கழுவித் துடைப்பவரையோ பந்திக்குத் தண்ணீர் எடுத்து வைப்பவரையோ யாரும் கேள்வி கேட்பதில்லை. கைபேசியுடன் திண்ணையில் அமர்ந்திருப்பவர்தான் கண்ணை உறுத்துவார். திருநீற்றை நெற்றியில் ஏற்க மனமில்லையென்றால், "கையில் கொடுங்கள் அத்தை" என்று வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஒவ்வாதவர் கைகூப்பி மறுப்பதில் தவறில்லை. பெரியவர்களின் காலில் விழுவதை மரியாதையாகக் கருதுவதா, சடங்காகக் கருதுவதா என்பது அவரவர் முடிவு.

பந்தியில் மாமா வாதத்துக்கு இழுத்தால், "சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் மாமா" என்பதே போதும். ஆனால் ஐயர் இல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று யாரேனும் சொன்னால், சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் ஏற்பளித்திருப்பதை அமைதியாகச் சொல்லலாம்.

குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து என்று பேச்சு வரக்கூடிய குடும்பமாக இருந்தால், கணவனும் மனைவியும் புறப்படும் முன்பே பேசி ஒரே பதிலை வைத்திருக்க வேண்டும்.