படுக்கையில் இருந்து பாருங்கள்: மனநல மருத்துவமனை கட்டும்போது நடக்கும் தவறுகள்

1950களில் கனடாவின் சஸ்காச்சுவானில் ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் முதிய பெண்களுக்கான ஒரு மனநல வார்டைக் கவனித்தார். வார்டைப் புதுப்பித்து, நல்ல நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆனாலும் யாரும் யாருடனும் பேசவில்லை. நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டும். அவற்றை எடுத்துச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டதும், சில வாரங்களில் பேச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

சுவரோரம் நாற்காலி போட்டால் பெருக்கித் துடைக்க வசதி, ஒரே பார்வையில் எல்லாரையும் எண்ணிவிடலாம். வசதி யாருக்கு என்று பாருங்கள். மனநல மருத்துவமனைக் கட்டடங்களில் நான் காணும் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கண்காணிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து வரைகிறோம், நோயாளி படுத்திருக்கும் இடத்திலிருந்து வரைவதில்லை.

அதே சஸ்காச்சுவானில் கட்டடக்கலைஞர் கியோ இசுமி, மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்டுடன் சேர்ந்து இதை மாற்றப் பார்த்தார். மனம் கலங்கியவருக்கு ஒரு வார்டு எப்படித் தெரியும் என்று அறிய, இல்லாததை இருப்பதுபோலக் காட்டும், அன்று ஆய்வில் பயன்பட்ட எல்எஸ்டி மருந்தைத் தானே உட்கொண்டு மருத்துவமனைக்குள் நடந்தார். முடிவே இல்லாத காரிடாரும் பளபளக்கும் டைல்ஸும் அவரை மிரட்டின. நீங்கள் மருந்து எதுவும் சாப்பிட வேண்டாம். வரைபடம் முடிந்ததும் ஒவ்வொரு கட்டிலிலும் மனதால் படுத்துப் பாருங்கள், போதும். கண்ணைக் கூசும் டியூப்லைட் நேரே மேலே இருக்கிறதா? தரையில் மின்னும் ஒளி தண்ணீர் போலத் தோன்றுமா? காரிடார் இருட்டுச் சுவரில் முடிகிறதா, ஜன்னலில் முடிகிறதா?

வெளிச்சத்தைக் கடைசியில் யோசிப்பதும் பெரிய தவறு. இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்த இருமுனை மனச்சோர்வு (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயின் சோர்வுக் கட்டம்) நோயாளிகள், மேற்கு அறைகளில் இருந்தவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நாளுக்கும் மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். நம் ஊரில் மேற்கு வெயில் அறையையே அடுப்பாக்கிவிடும். ஸ்டோர், மாடிப்படி இவற்றை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் கிழக்கைப் படுக்கைகளுக்குக் கொடுங்கள்.

சரி, பாதுகாப்பு? அது கட்டாயம் வேண்டும். தற்கொலை எண்ணத்தோடு வருபவர்களும் இங்கே தங்குகிறார்கள். எடை தாங்காமல் கழன்றுவிடும் கொக்கி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய கதவு எல்லாம் தேவைதான். ஆனால் அவை சிறைச்சாலை மாதிரி தெரிய வேண்டியதில்லை. ஸ்வீடனின் யோத்தபோரி நகரில் ஓஸ்ட்ரா மருத்துவமனையின் புதிய மனநலக் கட்டடத்தில் தனி அறை, சொந்தக் கழிப்பறை, தோட்டம், நெரிசல் இல்லாத கூடம் எல்லாம் வைத்தார்கள். பழைய கட்டடத்தைவிட அங்கே நோயாளிகளைக் கட்டிவைக்க வேண்டிய தேவை குறைந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கூட்டமும் சத்தமும் சண்டையை வளர்க்கும், அப்புறம் அதை அடக்க இன்னும் கம்பி போடுவோம். நமது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை நோயாளியின் உரிமை என்கிறது. சங்கிலியையும் தனிமைச் சிறையையும் தடை செய்கிறது. அப்படியிருக்க, தாழ்ப்பாள் இல்லாத பொதுக் குளியலறையை இன்று வரைவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நிறத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். இளஞ்சிவப்புச் சுவர் ஆவேசத்தைத் தணிக்கும் என்ற பேச்சு 1970களின் இறுதியில் அமெரிக்காவில் கிளம்பியது. பிந்தைய சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை.

கடைசியாக, குடும்பத்தை மறந்துவிடுவது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் வீட்டாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையை வளர்த்தெடுத்தது. மகனோடு வந்த அம்மா வராந்தாவில் துண்டு விரித்துப் படுக்கக் கூடாது. அவருக்கு ஒரு கட்டில், துணி துவைக்க ஒரு கல், கஞ்சி சுடவைக்க ஓர் அடுப்பு, மகனோடு உட்கார வேப்பமர நிழலில் ஒரு திண்ணை. இவற்றை முதல் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.