பழந்தின்னி வௌவாலையும் சளிப்பூஞ்சையையும் ஒப்பிடுவது எப்படி?

தண்டையார்பேட்டைத் தெருவில் காய்த்த வாதாம் மரம் இருந்தால் வௌவாலுக்கு அலைய வேண்டாம். இருட்டியதும் சற்றுத் தள்ளி நில்லுங்கள். சாறு உறிஞ்சித் துப்பிய நார்ச்சக்கை விழும். வெறுங்கையால் தொடாதீர்கள்.

சளிப்பூஞ்சைக்குத்தான் பொறுமை வேண்டும். (பெயர்தான் பூஞ்சை, இனம் வேறு; ஊர்ந்து உணவு தேடும் ஒற்றைச் செல் உயிரி.) காய்ந்த மரப்பட்டைத் துண்டுகளைத் தட்டில் டிஷ்யூ பேப்பர்மேல் பரப்பி, மூழ்க நீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கொதித்து ஆறியதே நல்லது. 24 மணி நேரம் கழித்து மிச்ச நீரை வடித்து, மூடி, நிழலில் வையுங்கள். நீர் தேங்கினால் வெள்ளைப் பூசணம் முந்திவிடும். இரண்டு, மூன்று வாரம் லென்ஸால் தினமும் பாருங்கள்.

மஞ்சள் வலை தெரிந்தால் அதுதான் சளிப்பூஞ்சை; ஓரத்தில் ஓட்ஸ் ஒன்று வைத்து, மணிக்கொரு முறை மார்க்கரால் விளிம்பைக் குறியுங்கள். வேகமான வகை மணிக்கு 4 செ.மீ. வரை நகரும். வௌவால் கண்ணாலும் மோப்பத்தாலும் தேடுவதை, மூளையே இல்லாத ஒற்றைச் செல் உடலையே நீட்டித் தேடுகிறது. ஒப்பிட்டு எழுதும் அட்டவணையின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.