சீலிங்கில் பதித்த லைற் எரியாவிட்டால்

ஒரு லைற் நின்றுபோனதும் புதியது வாங்க ஓட வேண்டாம். எல்ஈடி பனல் லைற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதன் பின்னால் வயரில் தொங்கும் சின்ன றைவர் பெட்டிதான்; வீட்டுக் கரண்டை எல்ஈடிக்கு ஏற்றதாக மாற்றுவது அது. அதைத் தனியாகவே வாங்கலாம்.

அறையில் எல்லா லைற்றும் சேர்ந்து நின்றிருந்தால் ஏணி தேவையில்லை. பிரேக்கர் விழுந்திருக்கும், இல்லையேல் சுவிச்சில் வயர் கழன்றிருக்கும். மாரி மழை பெய்யும்போது மட்டும் ட்ரிப் சுவிச் விழுந்தால் கூரையைப் பாருங்கள். விலகிய ஓட்டால் ஒழுகும் தண்ணீர் சீலிங்குக்கு மேலுள்ள வயர் மூட்டில் இறங்குகிறது.

தனி லைற் என்றால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டே ஏறுங்கள். சுவர் சுவிச்சை நம்பக்கூடாது. சில வீடுகளில் அதை லைவில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூற்றலில் (கரண்ட் திரும்பும் வயரில்) போட்டிருப்பார்கள். சுவிச்சை நிறுத்தினாலும் மேலே 230 வோல்ற் அப்படியே நிற்கும். லைற்றுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதில் ரெஸ்ரரும் பாதி உண்மைதான் சொல்லும்: நியூற்றல் அறுந்திருந்தாலும் லைவில் வைத்தால் அது எரியும். இரண்டு வயருக்கும் இடையில் மல்ரிமீற்றர் வைத்துப் பார்ப்பதே சரி.

விளிம்பை இரு கையாலும் பிடித்து நேரே கீழே இழுங்கள். இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங்குகள் எலிப்பொறி மாதிரி அடிக்கும். அவற்றை மேல்நோக்கி மடித்துப் பிடித்தபடியே இறக்குங்கள். கைவிட்டால் விரலும் நோகும், சீலிங் ஓரமும் பெயரும்.

இனிச் சோதனை. அதே அறையில் நன்றாக எரியும், அதே வாற் கொண்ட லைற்றின் றைவரை இதில் கொழுவுங்கள். எரிந்தால் பழைய றைவர்தான் பழுது. ஒரு கவனம்: முதலில் றைவரையும் பனலையும் கொழுவிவிட்டுப் பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது பனலைக் கொழுவினால், சும்மா நின்ற றைவரில் ஏறியிருக்கும் கூடுதல் வோல்ற்றேஜ் ஒரே அடியில் எல்ஈடியைச் சுட்டுவிடும். நல்ல பனல்கள் இப்படித்தான் வீணாகின்றன.

கடைக்குப் பழைய பெட்டியையே கொண்டுபோங்கள். "12 வாற்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பெட்டியில் 300 மில்லி அம்பியர் என்றிருந்தால் புதியதும் 300 ஆக இருக்கவேண்டும். வெளியீட்டு வோல்ற் எல்லையும் பழையதோடு பொருந்தவேண்டும். அம்பியர் கூடினால் முதலில் பிரகாசமாக எரியும், பிறகு பனலுக்குள் ஒளி தரும் எல்ஈடி சிப்புகள் கருகும்.

வயரை முறுக்கி ரேப் சுற்றுவது இங்கே நெடுநாள் நிற்காது. சித்திரை வெயிலில் சீலிங்குக்கு மேல் கொதிக்கும் சூட்டில் பசை இளகி ரேப் வழுகிவிடும். திருகாணி வைத்த கனெக்ரர் போடுங்கள். குருநகர், பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக்காற்றால் செம்பு பச்சை பூத்திருக்கும். பளபளக்கும் கம்பி தெரியும்வரை வெட்டிவிட்டு, புதிதாக 8 மில்லிமீற்றர் அளவுக்கு உரித்துப் பூட்டுங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல்; புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல்.

மினுங்கி மினுங்கி எரிந்தால் தளர்ந்த மூட்டு, அல்லது றைவருக்குள் கப்பாசிற்றர் காய்ந்துவிட்டது. சில நிமிடம் எரிந்து, நின்று, திரும்ப எரிந்தால் சூடு; றைவர் பனலின் முதுகில் படுத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளி வையுங்கள். நிறுத்திய பிறகும் மங்கலாக ஒளிர்ந்தால் லைற்றில் குறையில்லை. சுவிச்சிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு காரணமாகலாம், அல்லது சுவிச் நியூற்றலில் இருக்கிறது. பின்னதை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

றைவர் மாற்றியும் எரியாமல், சிப்பில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பனலையே மாற்றவேண்டும். வாங்கப் போகுமுன் சீலிங் துளையின் குறுக்களவை எடுங்கள், லைற்றின் வெளிவிளிம்பை அல்ல. துளை சிறிதென்றால் அராவிப் பெருப்பிக்கலாம். பெரிதென்றால் அகன்ற விளிம்புள்ள லைற்தான் தேடவேண்டும்.